வாங்கிய மாதமே மக்கர் பண்ணும் பிஸ்டல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகி, ப்ளேனோ, டெக்சாஸ்): எனக்கும் என் கணவருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. அவர் வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறவர். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்த பிறகு, போன மாதம் சின்னதாக ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கினோம். சனிக்கிழமை முதல் முறையாக ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். ஐம்பது தோட்டா உள்ள ஒரு பெட்டி தீர்வதற்குள் ஏழெட்டு முறை நின்றுவிட்டது. பெரும்பாலும் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே போகாமல் ஸ்லைடில் (முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) மாட்டிக்கொண்டு நட்டமாக நின்றது. இரண்டு முறை ஸ்லைடு முழுசாக மூடவில்லை. ஒரு முறை ட்ரிக்கரை இழுத்ததும் ‘டிக்’ என்று மட்டும் கேட்டது, வெடிக்கவில்லை. பின்னால் நின்ற கணவரிடம் காட்டலாம் என்று திரும்பினேன், ரேஞ்ச் ஆஃபீசர் போட்ட சத்தத்தில் மானமே போயிற்று. பக்கத்து லேன்காரர் “இது குப்பை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்கிறார். கணவர் “துப்பாக்கியில் ஒன்றும் இல்லை, உன் கைதான் சரியில்லை” என்கிறார். கடைக்காரர், ஒரு தோட்டா சுட்டுவிட்டாலே பழைய துப்பாக்கிதான், எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் ரேஞ்ச் ஆஃபீசர் விஷயம். அவர் கத்தியது சரிதான், வருத்தப்படாதீர்கள். சிக்கி நிற்கிற பிஸ்டல் வெறும் இரும்பு இல்லை, அதன் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், உயிருள்ள தோட்டா இருக்கலாம், அதுவும் ‘டிக்’ என்று கேட்டு வெடிக்காமல் போன பிறகு திரும்பியிருந்தால் ரொம்பவே ஆபத்து. அபூர்வமாகத்தான் நடக்கும் என்றாலும், பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்துக்குத் தீ வைக்கும் சின்ன மூடி) தட்டுப்பட்டுச் சில விநாடி கழித்து மருந்து பற்றிக்கொள்வது உண்டு. அதனால் ட்ரிக்கர் இழுத்து வெடிக்காவிட்டால் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டியது இதுதான்: குழல் குறிப்பலகையை விட்டு நகரக் கூடாது, விரல் ட்ரிக்கரை விட்டு வெளியே, முப்பது விநாடி அப்படியே நிற்பது. அப்புறம் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து, ஸ்லைடைப் பூட்டிவிட்டு, சேம்பரைக் கண்ணால் பார்ப்பது. புரியவில்லை என்றால் துப்பாக்கியை இலக்கை நோக்கி வைத்தபடியே இன்னொரு கையைத் தூக்குங்கள், ஆஃபீசர் உங்களிடம் வருவார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இதை விட மோசமான ஒன்று இருக்கிறது, உங்களுக்கு நடக்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். சுடும்போது வழக்கமான சத்தம் இல்லாமல் ‘பொத்’ என்று ஒரு சத்தம், கையில் உதையே இல்லை, அப்படி வந்தால் அன்றைக்குச் சுடுவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மருந்து இல்லாத அல்லது குறைந்த தோட்டாவாக இருந்தால் பிரைமர் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் பாதியில் நிறுத்தியிருக்கும். அடுத்த தோட்டாவை அதன் பின்னால் சுட்டால் குழல் உப்பிப்போகும், வெடித்துச் சிதறவும் செய்யும், விரல் போகும். சண்டைப் பயிற்சி வீடியோக்களில் ‘மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு, உடனே சுடு’ என்று காட்டுகிறார்களே, அது உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் ஓட்டை போடும் நமக்கு எந்த அவசரமும் இல்லை, முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் தட்டுவது இழுப்பதெல்லாம்.

சரி, இப்போது வழக்குக்கு வருவோம். பக்கத்து லேன்காரரும் உங்கள் கணவரும் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். துப்பாக்கி நின்றுபோவதற்கு நான்கு பேரில் ஒருவர் காரணமாக இருக்கலாம்: துப்பாக்கி, மேகசின், தோட்டா, சுடுகிற கை. எது என்று தெரிய ஒரே வழி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. ஒரே நாளில் தோட்டாவையும் மாற்றி, எண்ணெயும் போட்டு, பிடியையும் திருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து.

உங்கள் கணவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம், ஆனால் அவர் நினைக்கிற காரணத்தால் இல்லை. இந்த வகைப் பிஸ்டலில் குண்டு முன்னால் போகும் விசையால்தான் ஸ்லைடு பின்னால் வருகிறது. வரும்போது எக்ஸ்ட்ராக்டர் என்கிற சின்னக் கொக்கி காலிக் கூட்டைச் சேம்பரிலிருந்து இழுத்து வரும், எஜெக்டர் அதை இடித்து வெளியே தள்ளும், ஸ்பிரிங் ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ளும், போகிற வழியில் அது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போகும். இத்தனையும் நடக்க வேண்டுமென்றால், ஸ்லைடு பின்னால் ஓடும்போது கீழ்ப்பகுதி கையில் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் மொத்தத் துப்பாக்கியும் சேர்ந்து பின்னால் போய்விடும். மெத்தை மேல் பலகையை வைத்து ஆணி அடித்துப் பாருங்கள், இறங்காது, அதே கதை. ஸ்லைடு முழுத்தூரம் வராது, காலிக் கூடு பாதியில் மாட்டி நட்டமாக நிற்கும். நீங்கள் சொன்ன அடையாளம் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் எக்ஸ்ட்ராக்டர் கோளாறுக்கும் பலவீனமான தோட்டாவுக்கும் கூட இதே அடையாளம்தான்.

இதில் ‘பெண் கை’ என்று ஒன்றும் இல்லை. பெரிய பிஸ்டல்கள் கொஞ்சம் தளர்ந்த பிடியைப் பொறுத்துக்கொள்ளும். சின்னப் பிஸ்டலில் ஸ்லைடு போகும் தூரமே குறைவு, ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங், பிளாஸ்டிக் உடம்பில் கனமும் கிடையாது, அதனால் ஆறடி ஆள் பிடித்தாலும் மணிக்கட்டு மடங்கினால் மக்கர்தான். முதல் துப்பாக்கியாக ‘பைக்கு அடக்கமாக, கைக்கு லேசாக’ என்று கடைகளில் சின்னதைத் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம், அதுவும் வீட்டிலேயே இருக்கப்போகிற துப்பாக்கிக்கு. ஆனால் வாங்கியாயிற்று.

அடுத்த முறை போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியை அப்படியே சுட்டீர்களா? தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவுகிற பிசுக்கு எண்ணெய் சுடுவதற்கானது இல்லை. கையேட்டில் உள்ளபடி கழற்றித் துடைத்து, ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களிலும் குழலின் வெளிப்பக்கத்திலும் துளித்துளியாக எண்ணெய் வையுங்கள். பிரைமரைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் மட்டும் எண்ணெய் விடாதீர்கள், அங்கே பிசுக்குச் சேர்ந்தால் அந்த ஊசி மெதுவாகப் போய் முட்டும், ‘டிக்’ சத்தம்தான் மிச்சம். விதிவிலக்கும் உண்டு: புது கிளாக் வாங்கியவர்கள் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைத் துடைக்க வேண்டாம் என்று அந்தக் கம்பெனியின் கையேடே சொல்கிறது. எனவே முதலில் கையேடு, யூடியூப் அப்புறம்.

இரண்டு மேகசினுக்கும் அடியில் மார்க்கரால் 1, 2 என்று எழுதுங்கள். நின்றுபோவது எல்லாம் 2-ஆம் நம்பரில்தான் என்று தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது, புது மேகசின் கேளுங்கள். ரேஞ்சில் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, யார் கையில், என்ன தோட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பாக மேசையில் வைத்த பிறகு, ஆஃபீசர் அனுமதித்தால் ஒரு போட்டோவும் எடுங்கள். பின்னால் கம்பெனியோடு பேசும்போது ‘அடிக்கடி சிக்குகிறது’ என்பதை விட இந்தக் காகிதத்துக்கு மரியாதை அதிகம்.

அந்த வெடிக்காத தோட்டாவைப் பார்த்தீர்களா? அதன் அடியில் பிரைமரில் ஒரு பள்ளம் இருக்கும். நன்றாக ஆழமாக விழுந்திருந்தால் ஃபயரிங் பின் தன் வேலையைச் செய்துவிட்டது, பெரும்பாலும் தோட்டாதான் மட்டம். தொட்டும் தொடாத மாதிரி லேசாக இருந்தால் கோளாறு ஃபயரிங் பின், அதன் ஸ்பிரிங், அல்லது முழுசாக மூடாத ஸ்லைடு. உங்களுக்கு ஸ்லைடு மூடாமல் போனதும் நடந்திருப்பதால் இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம். ஸ்லைடை இழுத்துவிட்டுக் கையாலேயே மெதுவாகக் கூடவே கொண்டுபோய் விடுகிறீர்களா என்றும் கவனியுங்கள், புதிதாகச் சுடுகிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். முழுசாகப் பின்னால் இழுத்துச் சட்டென்று விட்டுவிட வேண்டும், ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். வெடிக்காத தோட்டாவை மட்டும் சட்டைப் பையில் போடாதீர்கள், ரேஞ்சில் அதற்கென்று தனியாக வைத்திருக்கும் வாளியில் போடுங்கள்.

தோட்டா விஷயத்தில், கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 115 கிரெயின், அதாவது சுமார் ஏழரை கிராம் குண்டு. புதிதாய், ஸ்பிரிங் இறுக்கமாய் இருக்கும் சின்னப் பிஸ்டலில் சில 115-கள் ஸ்லைடை முழுத்தூரம் தள்ளத் திணறும். 124 கிரெயின், எட்டு கிராம், உருண்டை முனை, பித்தளைக் கூடு, பெயர் தெரிந்த கம்பெனி, அப்படி ஒரு பெட்டி வாங்கி அதே துப்பாக்கி, அதே மேகசின், அதே கை என்று சுட்டுப் பாருங்கள். யாரோ வீட்டில் மறுபடி மருந்து அடைத்த தோட்டாவைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், அதைப் போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று பெரும்பாலான கையேடுகளில் இருக்கிறது.

கடைசியாகக் கை. உங்கள் கணவரைச் சுடச் சொல்லுங்கள், நன்றாகப் பழகிய இன்னொருவர் அல்லது ரேஞ்ச் பயிற்சியாளரையும் கேளுங்கள். பயிற்சியாளர் கையிலும் நின்றால் உங்கள் கணவர் உங்களுக்கு ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறார். பயிற்சியாளர் கையில் நிற்காமல் ஓடி உங்கள் கையில் மட்டும் நின்றால், வருத்தப்பட ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் பிடியைத் திருத்தினால் சரியாகிவிடும்: கைப்பிடியில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே, இரண்டு கையும் சேர்த்து இறுக்கி, மணிக்கட்டைப் பூட்டி, கட்டைவிரல் ஸ்லைடில் உரசாமல்.

‘இருநூறு சுட்டால் தானே சரியாகிவிடும்’ என்பார்கள். கார் கம்பெனியின் கையேட்டில் 200 தோட்டா சுட்ட பிறகே நம்பலாம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது (வண்டி கார் இல்லை, சின்னப் பிஸ்டல்களுக்குப் பெயர்போன அமெரிக்கக் கம்பெனி). அதுவரை பொறுக்கலாம், நியாயம்தான். ஆனால் மேலே சொன்னதெல்லாம் செய்து இருநூறு தாண்டியும் மக்கர் என்றால், தோட்டாவுக்குத் தண்டம் அழுவதை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குப் போன் போடுங்கள். அரம் எடுத்து உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கடைக்காரர் சொன்னது கசப்பாக இருந்தாலும் வழக்கம் அதுதான். துப்பாக்கி வாங்கும்போது எழுதுகிற மத்திய அரசின் 4473 படிவத்தை எழுதி உங்கள் பெயருக்கு மாறிய நொடியில் அது அவருக்குப் புதுச்சரக்கு இல்லை. நீங்கள் பேச வேண்டியது தயாரித்த கம்பெனியிடம். சீரியல் நம்பரும் அந்தக் குறிப்புக் காகிதமும் வைத்துக்கொண்டு கூப்பிட்டால் பெரும்பாலும் அவர்களே அனுப்புச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டில் சொன்ன கூரியரில், சொன்ன முறையில் மட்டும் அனுப்புங்கள், நீங்களாகத் தபால் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பெட்டியில் ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது, நீங்கள் காசு போட்டு மாட்டிய விளக்கு, லேசர் எதையும் வைக்காதீர்கள், பிரச்சினை கொடுத்த மேகசினைக் கட்டாயம் வையுங்கள். மத்திய சட்டப்படி, பழுதுபார்க்கப் போன துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கம்பெனி நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம், அதே வகையில் புதுசாக மாற்றிக் கொடுத்தாலும் அப்படியே, மறுபடி கடைக்குப் போய்ப் படிவம் எழுதத் தேவையில்லை. மாநிலச் சட்டத்தில் வேறு மாதிரி இருந்தால் அதைக் கம்பெனிக்காரர்களே சொல்வார்கள்.

திரும்பி வந்த பிறகு என் கணக்கு இது: பயிற்சித் தோட்டா இருநூறு, வீட்டில் வைக்கப்போகிற தோட்டாவில் ஒரு பெட்டி, இரண்டு மேகசினிலும், உங்கள் கையால், ஒரு முறை கூட நிற்காமல். அதுவரை இது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான். கணவர் ஊரில் இல்லாத ராத்திரிகளுக்குக் கதவுப் பூட்டும் அலாரமும் பாருங்கள்.

கேள்வி (வாசகர், சான் ஆன்டோனியோ): குழந்தைத் தொட்டில், பிரஷர் குக்கர் எல்லாம் பழுதென்றால் அமெரிக்க அரசு திரும்பப் பெற வைக்கிறது. துப்பாக்கிக்கு அப்படி இல்லையா?

பதில்: இல்லை. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய 1972 சட்டத்திலேயே துப்பாக்கிக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறு என்று அந்த ஆணையம் சொல்லலாம், நிஜத் துப்பாக்கியைச் சொல்ல முடியாது! கம்பெனிகள் தாங்களாக முன்வந்து செய்வதுதான். செய்யவும் செய்கிறார்கள், வழக்குக்குப் பயந்துதான். 2005-இல் துப்பாக்கிக் கம்பெனிகளுக்குப் பெரிய சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது, ஆனால் தயாரிப்புக் குறையால் வரும் காயத்துக்கு அதில் விலக்கு உண்டு. ரெமிங்டன் 2014-இல் ஆர்51 என்று ஒரு பிஸ்டலை ஆரவாரமாகக் கொண்டுவந்து, சிக்குகிறது என்று புகார் குவிந்ததும் அதே வருடம் திரும்பப் பெற்றார்கள், 2016-இல்தான் மறுபடி வந்தது. சிக் சாவர் 2017-இல் பி320-க்கு, கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்பதால், இலவசமாக உள்பாகம் மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தது. 2020-இல் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈஸி பிஸ்டல்களில் ஒரு சில மாதத் தயாரிப்பின் ஹேமரில் கோளாறு என்று அறிவித்தார்கள். இதெல்லாம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லப்படாது. புதுசோ பழசோ, வாங்கிய அன்றே கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள், வாங்கியதைப் பதிவும் செய்துவிடுங்கள்.

கேள்வி (வாசகர், அட்லாண்டா): என் புது பிஸ்டலும் இப்படித்தான் நிற்கிறது. இன்னொரு கையில் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். என் மச்சான் எச்-1பி விசாவில் இருக்கிறார், ஊரில் என்சிசியில் சுட்டுப் பழக்கம். அவரிடம் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. என்சிசி அனுபவம் இங்கே கணக்கில் வராது. எச்-1பி, எச்-4, எஃப்-1, சுற்றுலா விசா என்று குடியேறாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சுக்குள் ஐந்து நிமிடம் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் சேரும். சில விலக்குகள் உண்டு, பலரும் பயன்படுத்துவது ஏதாவது ஒரு மாநிலத்தின் காலாவதியாகாத வேட்டை உரிமம். அது அவர் கையில் இருந்து, ஒரு வக்கீலும் சரி என்று சொன்னால் அப்போது பார்க்கலாம். 2022 முதல் இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் பதினைந்து வருடம் சிறை, தெரிந்தே கொடுத்த உங்களுக்கும் அதே கதிதான். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிற மனிதரை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்? ரேஞ்ச் பயிற்சியாளருக்குக் கொஞ்சம் காசு கொடுங்கள்.

கேள்வி (வாசகர், ஹூஸ்டன்): அடுத்த மாதம் கோவைக்குப் போகிறேன். அங்கே லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தன் பிஸ்டலும் சிக்குகிறது, நல்ல மேகசினும் ஸ்பிரிங்கும் வாங்கி வா என்கிறார். கொண்டுபோகலாமா?

பதில்: ஒரு ஸ்பிரிங் கூட வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்ந்ததுதான், உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்தால் வழக்கு. இங்கிருந்து வெளியே கொண்டுபோவதற்கும் தனி ஏற்றுமதிச் சட்டம் இருக்கிறது. 9 எம்எம் அங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு, அவருடையது பெரும்பாலும் .32 ஆக இருக்கும், பாகம் பொருந்தவும் பொருந்தாது. அவர் வாங்கிய இடத்திலோ லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடமோ காட்டட்டும்.

அதை விட, கிளம்பும் முன் உங்கள் பைகளைப் பாருங்கள். துப்பாக்கி சிக்கும்போதெல்லாம் வெளியே எடுத்த தோட்டாவை அவசரத்தில் எங்கே போட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது, ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையின் ஏதோ ஒரு ஜிப்புக்குள், உள்துணியின் கிழிசல் வழியாக அடியில் இறங்கி உட்கார்ந்திருக்கும். இந்திய விமான நிலைய ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டா தெரிந்தால் கூட போலீஸ், எஃப்ஐஆர், ஆயுதச் சட்ட வழக்கு. இருப்பதே தெரியாது என்று உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கை ரத்து செய்துகொண்டவர்கள் உண்டு, அதற்குள் விமானம், விடுமுறை, வக்கீல் ஃபீஸ் எல்லாம் போய்விடும். எல்லா ஜிப்பையும் திறந்து பையைக் கவிழ்த்து உதறுங்கள், உள்துணியை விரலால் தடவிப் பாருங்கள். இனிமேல் ரேஞ்சுக்கு என்று தனியாக ஒரு பை வைத்துக்கொண்டு, அதைக் கார் டிக்கியைத் தாண்டி எங்கும் கொண்டுபோகாதீர்கள்.